அக்காவிடம் கேளுங்கள்: முதல் கையெழுத்தை யார் போடுவது?

(மலேசியாவின் பினாங்கில், பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் அக்கா. இப்போது பட்டர்வொர்த்தில் இருக்கிறார். லேபர் ஆபீசுக்குத் தனியாகப் போகத் தயங்குகிறவர்களுக்குத் துணையாகப் போவது அவருடைய வழக்கம். வேலையிடம், குடியிருப்பு பற்றி வாசகர்கள் எழுதிய கேள்விகளுக்கு இந்த இதழிலும் பதில் தருகிறார்.)

கேள்வி: வணக்கம் அக்கா. பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்கிறேன். அதே பள்ளியில் பதினோரு வருடம் ஆகிறது. குத்தகை கம்பெனி மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது. மாறும்போதெல்லாம் புதிதாகச் சேர்ந்த மாதிரி கையெழுத்து வாங்குகிறார்கள், லீவு குறைகிறது. இப்போதுள்ள கம்பெனி இரண்டு மாதமாகச் சேமநிதியும் கட்டவில்லை. நாங்கள் எட்டு பேர். எல்லாருக்கும் கோபம்தான். ஆனால் "நீ போய்ப் பேசு, நாங்கள் பின்னால் நிற்கிறோம்" என்கிறார்கள். போகலாமா? — வாசகி, பிறை

பதில்: போகலாம் தங்கச்சி, தனியாக வேண்டாம். பின்னால் நிற்பதற்கு ஏழு பேர் எதற்கு, சுவரே போதும். பக்கத்தில் நிற்க யார் யார் வருவீர்கள் என்று கேளுங்கள்.

முதலில் நஷ்டத்தைக் கணக்குப் பார்ப்போம். வேலைச் சட்டப்படி ஒரே முதலாளியிடம் இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை பார்த்தவருக்கு வருடத்துக்கு 8 நாள் சம்பளத்தோடு லீவு. ஐந்து வருடம் வரை 12 நாள். அதற்கு மேல் 16 நாள். எம்.சி. என்கிற மருத்துவ லீவும் அப்படித்தான், 14, 18, 22 நாள் என்று ஏறும். நீங்கள் பதினோரு வருடமாக அதே வராந்தாவைத்தான் கூட்டுகிறீர்கள். ஆனாலும் சட்டையின் முதுகில் கம்பெனி பெயர் மாறிய அன்றைக்கு நீங்கள் நேற்று வந்தவர் ஆகிவிடுகிறீர்கள். எட்டு பேரும் ஐந்து வருடத்தைத் தாண்டியவர்கள் என்றால், ஆளுக்கு 8 நாள் வீதம் வருடத்துக்கு 64 நாள் லீவு காற்றில் போகிறது. இது நாடு முழுவதும் உள்ள குத்தகை முறையின் கோளாறு. ஒரு கடிதத்தில் தீராது. இதற்கு யூனியன் வேண்டும், அமைச்சு வரைக்கும் போக வேண்டும்.

சேமநிதி அப்படி இல்லை. மாதச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) என்று வையுங்கள். உங்கள் பங்கு 11 விழுக்காடு, 187 வெள்ளி. அதைச் சம்பளத்திலேயே பிடித்துவிடுகிறார்கள். முதலாளி பங்கு 13 விழுக்காடு, 221 வெள்ளி. இரண்டையும் சேர்த்து அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் வாரியத்தில் கட்டியாக வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஆளுக்கு 816 வெள்ளி, எட்டு பேருக்கு 6,528 வெள்ளி. இதற்குச் சாட்சி தேட வேண்டாம். சம்பளச் சீட்டில் பிடித்தது இருக்கிறது, கைப்பேசியில் சேமநிதிக் கணக்கைத் திறந்தால் வராதது தெரிகிறது. எட்டு பேருக்கும் ஒரே பிரச்சினை, எட்டு பேரிடமும் ஆதாரம். அதனால் இதிலேயே ஆரம்பியுங்கள். லீவு பிரச்சினை பெரியது என்று எனக்கும் தெரியும். ஒன்றை ஜெயித்துப் பார்த்த எட்டு பேர்தான் பெரியதைத் தூக்குவார்கள்.

இனி கடிதம். மலாயில் எழுதுங்கள், அரைப்பக்கம் போதும். எந்த மாதம், எவ்வளவு பிடித்தார்கள், எவ்வளவு கட்டவில்லை, எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும். கோபத்தைக் கடிதத்தில் கொட்டாதீர்கள், அது வீட்டுக்குப் போய். கையெழுத்தை மட்டும் வரிசையாகப் போடாதீர்கள். காரணம் சொல்கிறேன்.

எண்பதுகளில் எங்கள் தொழிற்சாலையில் ஒரு லைனுக்கு நாற்பது பெண்கள். கழிவறைக்குப் போக ஒரே ஓர் அட்டை. சிவப்பு பிளாஸ்டிக் அட்டை, சூப்பர்வைசர் மேசைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். ஒருத்தி போய்த் திரும்பினால்தான் அடுத்தவள் போகலாம். மாதவிலக்கு நாட்களில் என்ன பாடு என்று ஆண்கள் படிக்கிற பத்திரிகையிலும் எழுதத்தான் வேண்டும். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு, தொடையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஒரு மலாய்ப் பெண்ணுக்கு நீர்க்கடுப்பு வந்து காய்ச்சலில் விழுந்த பிறகுதான் எழுதிக் கொடுப்பது என்று முடிவானது. யார் முதலில் கையெழுத்துப் போடுவது? அங்கேதான் எல்லாம் நின்றுபோனது. பட்டியலில் மேலே இருக்கிற பெயரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

ஹாஸ்டல் அறையில் இருந்த பிஸ்கட் டின் மூடியைத் தாளில் கவிழ்த்து வட்டம் போட்டோம். வட்டத்தைச் சுற்றி ஆளுக்கொரு பக்கமாகக் கையெழுத்து. மலாய், சீனம், தமிழ் மூன்றும் கலந்து, சில தலைகீழாக, சில சாய்ந்து. சூப்பர்வைசர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. "யார் எழுதினது?" என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. அந்த வாரக் கடைசியில் ஆணியில் இன்னொரு அட்டை தொங்கியது. அப்புறம் மூன்றாவதும் வந்தது. அவ்வளவுதான், புரட்சி ஒன்றும் நடக்கவில்லை. அப்போது எங்களுக்கு யூனியன் கிடையாது. மின்னணுத் துறையில் தேசிய அளவில் சங்கம் வைக்க அரசாங்கம் விடவில்லை. 1988-இல்தான் கம்பெனிக்குள் மட்டும் சங்கம் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். வட்டார அளவில் சங்கம் அமைக்க அனுமதி கிடைத்தது 2009-இல்.

உங்கள் எட்டு பேருக்கும் ஒரு டின் மூடி போதும். ஆனால் கடிதம் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. குத்தகைக்காரர்கள் நேரடியாக வேலையை விட்டு நிறுத்த மாட்டார்கள். வாய் கொடுத்தவர் என்று யாரை நினைக்கிறார்களோ, அவரை இரண்டு பஸ் மாறிப் போகிற பள்ளிக்குத் தூக்கிப் போடுவார்கள். அப்படி நடந்தால் மற்ற ஏழு பேர் என்ன செய்வீர்கள்? இதை இப்போதே உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். நம் பெண்களுக்குக் கூட்டு (சீட்டு) பிடிக்கச் சொல்லியா தர வேண்டும்? மாதம் ஆளுக்கு 20 வெள்ளி போட்டு வையுங்கள். மாற்றப்பட்டவருடைய பஸ் காசும், அவர் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவர ஓர் ஆளும் தயாராக இருந்தால், அடுத்த தடவை பேச இன்னொருவர் வருவார். அது இல்லாமல் "ஒற்றுமையாக இருப்போம்" என்று கை தட்டிக் கலைந்தால் மறுநாள் காலை யாரும் இருக்க மாட்டார்கள். நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

இன்னும் சில. கம்பெனி மாறும்போது ராஜினாமாக் கடிதம் என்று எதையாவது நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள், படம் எடுத்து வையுங்கள். நியாயமில்லாமல் வேலையை விட்டு நிறுத்தினால் 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். காசு கட்ட வேண்டாம், வக்கீலும் வேண்டாம், ஆனால் 61-ஆவது நாள் போனால் கதவு மூடிவிடும். சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை வேலையை விட்டு அனுப்புவது தொழில் உறவுச் சட்டப்படி தவறு. புதிதாகச் சங்கம் பதிய ஏழு பேர் போதும் என்கிறது சட்டம், நீங்கள் எட்டு பேர் இருக்கிறீர்கள். ஆனாலும் ஏற்கெனவே இருக்கிற சங்கத்தில் சேருவதே நல்லது. ஏழு பேர் சங்கத்துக்குக் கணக்கு எழுதியே ஆயுள் போய்விடும்.

கேள்வி: எங்கள் தாமான் (குடியிருப்பு) வாட்சாப் குழுவில் இருநூறு பேர். கூட்டம் போட்டால் நான்கு பேர் வருகிறார்கள். அநியாயத்தைக் கேட்க யாருக்கும் அக்கறை இல்லையா அக்கா? — வாசகர், பூச்சோங்

பதில்: அக்கறை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை காலையில் அல்ல. பொதுவாக "எல்லாரும் வாருங்கள்" என்று செய்தி போட்டால் அது யாருக்கும் போட்டது இல்லை. வந்த நான்கு பேரும் ஆளுக்கு ஐந்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். கதவைத் திறந்தவரிடம் கூட்டத்துக்கு வாருங்கள் என்று கேட்காதீர்கள், ஒரு வேலை கொடுங்கள். நாற்காலி கொண்டு வருவது, சீனப் பக்கத்து வீட்டுக்காரருக்கு நோட்டீஸை மொழிபெயர்ப்பது, இப்படி. வேலை இருக்கிறவர் வந்துவிடுவார்.

கேள்வி: அக்கா, நான் கல்லூரி மாணவன். தாத்தா பாட்டி இருவரும் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். நம்மவர்கள் தொரைக்குச் சலாம் போட்டே வாழ்ந்தவர்கள், எதிர்த்துக் கேட்கத் தெரியாதவர்கள் என்று நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். உண்மையா? — மாணவர், செத்தாப்பாக், கோலாலம்பூர்

பதில்: உன் நண்பர்களைக் கிள்ளானுக்கு ஒரு தடவை கூட்டிப் போ தம்பி. செத்தாப்பாக்கிலிருந்து ஒன்றும் தூரம் இல்லை.

1941. ஐரோப்பாவில் யுத்தம். ரப்பருக்கு நல்ல விலை, தோட்டக் கம்பெனிகளுக்கு நல்ல லாபம். தமிழ்த் தொழிலாளியின் கூலி மட்டும் அதற்கேற்ப ஏறவில்லை. அதே வேலைக்குச் சீனத் தொழிலாளிக்குக் கொடுத்ததைவிடவும் குறைவு. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் என்று ஒன்று எழுந்தது, ஆர்.எச். நாதன் அதில் முன்னால் நின்றவர். தோட்டம் தோட்டமாக வேலைநிறுத்தம் பரவியது. கலந்துகொண்டவர்கள் ஆயிரக்கணக்கில்.

அவர்கள் கேட்டவற்றை நீ ஒருமுறை படிக்க வேண்டும். சீனருக்குச் சமமான கூலி, சரி, அது எதிர்பார்த்ததுதான். கொடுமைப்படுத்துகிற கிராணிகளை (தோட்டக் குமாஸ்தாக்களை) மாற்று. பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் வை. கள்ளுக்கடையை மூடு. சொந்தக்காரர்கள் தோட்டத்துக்குள் வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போக விடு. சங்கம் வைக்க விடு. இவற்றோடு ஒன்று: தோட்டச் சாலையில் தொரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம்.

சைக்கிள் கோரிக்கையில் முதலாளிக்கு ஒரு காசு செலவில்லை. ஆனாலும் அதைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை என்று நினைக்கிறேன். கூலியை ஐந்து சென், பத்து சென் ஏற்றிச் சமாதானம் பேசிவிடலாம். எதிரே வருகிறவன் இறங்காமல் மணியடித்துக்கொண்டு போனால் அதற்கு எந்தக் கணக்குப் புத்தகத்தில் வரவு வைப்பது? விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாக ஓடியவன், சாயங்காலம் சொந்தக் காசில் வாங்கிய சைக்கிளில் ஏறிப் போகிறான். அவன் இறங்க வேண்டும் என்று ஒரு விதி. பத்து தடவை இறங்கியவனுக்கு இதைப் பற்றி யாரும் கூட்டம் போட்டு விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. குறையை எடுத்துச் சொன்னவர்களைப் பழிவாங்கக் கூடாது. இதை ஒரு கோரிக்கையாகவே எழுதி வைத்திருந்தார்கள். மேலே பிறை வாசகிக்கு நான் சொன்னதை, படிப்பு வாசனை அதிகம் இல்லாதவர்கள் என்று நாம் நினைக்கிற தோட்டத்து ஆட்கள் 1941-இலேயே தெரிந்து வைத்திருந்தார்கள்.

மே மாதம் நாதனைக் கைது செய்தார்கள். அவரை விடச் சொல்லி வேலைநிறுத்தம் இன்னும் பரவியது. இராணுவம் வந்தது. சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். தோற்றுப்போன போராட்டம் என்று சொல்கிறவர்கள் சொல்லலாம். ஏழு மாதம் கழித்து டிசம்பரில் ஜப்பான்காரன் கோத்தா பாருவில் இறங்கினான். அந்த மாதமே பினாங்கில் வெள்ளைக்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் கப்பலேறிப் போய்விட்டார்கள், ஊர்க்காரர்களை அப்படியே விட்டுவிட்டு. அதற்கப்புறம் எந்தச் சைக்கிள்காரன் இறங்குவான்?

யுத்தம் முடிந்ததும் கெடாவில் தொண்டர் படை கிளம்பியது. பீடோங் பக்கம் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில். அவர்கள் குறிவைத்தது கள்ளுக்கடையை. கூலி வாங்கிய கை வீட்டுக்கு வருமுன் காலியாவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு எதை முதலில் மூட வேண்டும் என்று தெரிந்திருந்தது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி தமிழர். 1948-இல் அந்தச் சம்மேளனத்தைத் தடை செய்தார்கள், 1949 மே மாதம் கணபதியைப் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். தொழிற்சங்கத்தில் தலை தூக்கினால் என்ன ஆகும் என்று நம் ஆட்களுக்கு அப்போது கற்றுக்கொடுத்தார்கள். உன் தாத்தா வாயை மூடிக்கொண்டு இருந்தார் என்றால், அது பிறவிக் குணமா, பார்த்த பாடமா என்று உன் நண்பர்களிடம் கேள். பாட்டி இருந்தால் அவரிடமும் கேள், வேறு விவரம் கிடைக்கும்.

கேள்வி: செந்தூலில் ஓர் உணவகத்தில் கல்லாவில் இருக்கிறேன். அடுப்படியில் தமிழ்நாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் ஆறு பேர். நாங்கள் சம்பளம் கூட்டிக் கேட்டால், "ஊரிலிருந்து இன்னும் இரண்டு பேரை இறக்கினால் உங்கள் வேலை போய்விடும்" என்கிறார் முதலாளி. அவர்களுடைய கடப்பிதழையும் அவரே வாங்கி வைத்திருக்கிறார். அவர்களையும் சேர்த்துக்கொண்டு கேட்பதா, நாங்கள் உள்ளூர்க்காரர்கள் மட்டும் கேட்பதா? — வாசகி, கோலாலம்பூர்

பதில்: சேர்த்துக்கொண்டுதான். அவர்களை விட்டுவிட்டுக் கேட்டால், முதலாளி உங்களைப் பயமுறுத்துகிற அந்த ஆயுதத்தை நீங்களே துடைத்து அவர் கையில் கொடுக்கிறீர்கள். கிள்ளானில் ஒரே மரத்துக்குச் சீனனுக்கு ஒரு கூலி, தமிழனுக்கு ஒரு கூலி என்று வைத்தது எதற்காக? இரண்டு பேரும் ஒரே கொட்டகையில் உட்கார்ந்து பேசாமல் இருக்கத்தான்.

குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. 2025 பிப்ரவரியில் ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடங்களுக்கு வந்தது, ஆகஸ்டில் எல்லா இடங்களுக்கும் வந்துவிட்டது. அது அடுப்படிப் பிள்ளைகளுக்கும் உண்டு. வெளிநாட்டுத் தொழிலாளர்களும் யூனியனில் உறுப்பினர் ஆகலாம். அடுத்தவர் கடப்பிதழை வாங்கிப் பூட்டி வைப்பது 1966-ஆம் வருடத்துக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். "பத்திரத்துக்காக வைத்திருக்கிறேன்" என்பது எல்லா முதலாளியும் சொல்கிற கதை.

ஆனால் ஒன்றை மறந்துவிடாதீர்கள். உங்களுக்கு வேலை போனால் வேலை மட்டும் போகும். அவர்களுக்கு வேலை போனால் பெர்மிட்டும் போகும், ஊரில் வாங்கிய கடன் அப்படியே நிற்கும். அதனால் அவர்களை முன்னால் தள்ளாதீர்கள். எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டுகிறார்கள், எத்தனை மணிக்குப் படுக்கிறார்கள், எவ்வளவு கையில் வருகிறது என்று ஒரு மாதம் நோட்டில் குறித்து வரச் சொல்லுங்கள். முதலாளி முன் பேசுவது நீங்கள். அவர்கள் எப்போது, எவ்வளவு வெளியே வர வேண்டும் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். முதலில் ஒருநாள் கடை மூடிய பிறகு அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். உங்கள் கடிதத்தில் ஆறு பேரில் ஒருவருடைய பெயர்கூட இல்லை, அதைத்தான் கவனித்தேன்.

கேள்வி: மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். பேரணி, ஆர்ப்பாட்டம் என்றால் ஓடிவிடுகிறாள். 2007-இல் கோலாலம்பூரில் நம்மவர்கள் அத்தனை பேர் கூடி அடி வாங்கினார்களே, என்ன கிடைத்தது? தடுப்பது தப்பா? — ஒரு தாய், கெப்போங்

பதில்: 2007 நவம்பர் 25-இல் நம்மவர்கள் உரிமை கேட்டு நடத்திய இண்ட்ராஃப் பேரணிக்கு என் தம்பி பிறையிலிருந்து முதல் நாளே கிளம்பிவிட்டான். வழியெல்லாம் சாலைத் தடுப்பு. பிரிட்டிஷ் தூதரகத்துக்கு மனு கொடுக்கப் போனவர்கள் மேல் கண்ணீர்ப் புகையும் இரசாயனத் தண்ணீரும். அதிகாலையில் பத்துமலை வாசலில் கூட்டம் மாட்டிக்கொண்டதைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். டிசம்பரில் தலைவர்கள் ஐந்து பேரை விசாரணை இல்லாமல் உள்ளே போட்டார்கள்.

என்ன கிடைத்தது என்று கேட்கிறீர்கள். 2008 மார்ச் தேர்தலில் ஆளும் கூட்டணி மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது. பினாங்கு, கெடா, பேராக், சிலாங்கூர் நான்கும் கைமாறின. அதற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் அந்த நவம்பர் இல்லாமல் நம்மவர்கள் ஓட்டு அப்படிப் புரண்டிருக்காது. விசாரணையில்லாமல் பிடித்து வைக்கிற அந்தச் சட்டமும் 2012-இல் போனது. அதே சமயம் தலைவர்கள் ஆளுக்கொரு பக்கம் பிரிந்தார்கள், தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் பலருக்கு இன்னும் சொந்த வீடு இல்லை. தெருவில் கூடியவர்கள் மறுநாள் எங்கே கூடுவது என்று ஏற்பாடு இல்லாமல் போனதுதான் குறை என்பது என் அபிப்பிராயம். தம்பி கேட்டால் சண்டைக்கு வருவான், பரவாயில்லை.

மகளைத் தடுக்காதீர்கள், கேள்வி கேளுங்கள். ஏற்பாடு செய்கிறவர்கள் யார்? ஐந்து நாளுக்கு முன் போலீசுக்குத் தகவல் கொடுத்தார்களா? கைதானால் கூப்பிட வழக்கறிஞர் எண் கையில் இருக்கிறதா? தெரிந்தவர்கள் எத்தனை பேரோடு போகிறாள், யாரோடு திரும்புகிறாள்? இதற்கெல்லாம் பதில் இருந்தால் ஓர் அடையாள அட்டை நகலையும் தண்ணீர் போத்தலையும் கொடுத்து அனுப்புங்கள். 2021 ஜூலை 26-இல் ஒப்பந்த மருத்துவர்கள் வேலையை விட்டு வெளியே வந்து நின்றார்களே, அவர்களும் உங்கள் மகள் மாதிரிப் பிள்ளைகள்தான். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள உள்ளே ஆள் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் வந்தார்கள். டாக்டருக்கும் குத்தகை, கூட்டுகிறவருக்கும் குத்தகை என்று அன்றைக்கு எங்கள் வீட்டில் பேசிக்கொண்டோம்.

கேள்வி: சாப்பாடு டெலிவரி செய்கிறேன். ஒரு டெலிவரிக்குக் கிடைப்பது குறைந்துகொண்டே போகிறது. எல்லாரும் ஒருநாள் ஆப்பை மூடினால் கம்பெனி இறங்கி வருமா? — வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: 2022 ஆகஸ்டில் ரைடர்கள் அப்படி மூடிப் பார்த்தார்கள். அதில் உள்ள சங்கடம், பாதிப் பேர் மூடினால் மீதிப் பேருக்கு ஆர்டர் கூடும். மோட்டார் தவணை பாக்கி உள்ளவன் கையைக் கட்டிக்கொண்டு எவ்வளவு நேரம் உட்காருவான்? அவனைத் துரோகி என்று திட்டுவதில் புண்ணியம் இல்லை, அவன் தவணைக்கு என்ன வழி என்று முன்கூட்டியே பாருங்கள். 2025-இல் கிக் தொழிலாளர்களுக்கான, அதாவது உங்களைப் போல் ஆப் மூலம் வேலை செய்கிறவர்களுக்கான மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. முறையிட ஒரு தீர்ப்பாயம் உண்டு என்கிறது அது. ஒருவராகப் போய் முறையிடுவதற்கும், ஒரே மாதத்து ஸ்கிரீன்ஷாட்டை ஐம்பது பேர் அடுக்கிக்கொண்டு போவதற்கும் வித்தியாசம் உண்டு. இன்றைக்கே சேமிக்க ஆரம்பியுங்கள். சொக்சோவில் (சமூகப் பாதுகாப்பு அமைப்பில்) சுயதொழில் திட்டத்தில் பதிந்துவிட்டீர்களா? இல்லை என்றால் அது முதல் வேலை.

கேள்வி: எங்கள் அடுக்குமாடியில் இரண்டு லிப்டில் ஒன்று எப்போதும் வேலை செய்வதில்லை. வயதானவர்கள் பதினான்கு மாடி ஏறி இறங்குகிறார்கள். நிர்வாகக் குழு காதில் போட்டுக்கொள்வதில்லை. இனிமேல் யாரும் பராமரிப்புப் பணம் கட்டக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறோம். சரிதானே? — வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: வேண்டாம் ஐயா, அது உங்கள் காலில் நீங்களே போட்டுக்கொள்கிற கல். 2013-ஆம் வருடத்து அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி, பாக்கி வைத்திருப்பவருக்குப் பொதுக்கூட்டத்தில் ஓட்டு இல்லை. நிர்வாகக் குழுவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கோபப்படுகிற அத்தனை பேரும் பணம் கட்டாமல் வெளியே நிற்பார்கள், உள்ளே அவர்களே கை தூக்கி அவர்களையே மறுபடி தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள்.

பாக்கியைக் கட்டுங்கள். கட்ட முடியாத வீடுகள் இருந்தால், கணவரை இழந்த அம்மா, வேலை போனவர் என்று, அவர்களுக்கு மாடிக்கு மாடி சேர்த்துக் கட்டுங்கள். வீடுகளுக்கு உள்ள மொத்தப் பங்குரிமையில் கால் பங்கு உள்ளவர்கள் எழுதிக் கேட்டால் சிறப்புப் பொதுக்கூட்டம் கூட்டியே ஆக வேண்டும். அந்தக் கால் பங்கைச் சேர்ப்பதுதான் உங்கள் வேலை. நீங்கள் தமிழ்க் குடும்பங்களை மட்டும் கணக்குப் பார்த்திருக்கிறீர்களோ என்று சந்தேகம். லிப்டுக்கு இனம் தெரியாது, முட்டிவலிக்கும் தெரியாது. எட்டாவது மாடிச் சீன அப்பாவையும் மலாய் மாக்சிக்கையும் (அத்தையையும்) முதலில் பாருங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் கையெழுத்து செல்லாது, வீட்டுக்காரரின் கையெழுத்து வேண்டும், அவர் கெடாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். அதற்கு ஒரு ஆளைத் தனியாகப் போட வேண்டும். கூட்டத்துக்கு வர முடியாதவரிடம் பதிலாள் கடிதம் வாங்கி வையுங்கள்.

லிப்ட் நின்ற நாளையும் நேரத்தையும் மறுபடி ஓடிய நாளையும் எழுத, கீழ்த்தளத்தில் ஒரு நோட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். காவலாளியிடம் சொல்லி வைத்தால் அவரே எழுதுவார், அவர்தான் எல்லாருடைய திட்டையும் வாங்குகிறவர். கூட்டத்தில் நோட்டை மேசையில் வைத்து, லிப்ட் கம்பெனிக்குக் கட்டிய பில்களைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்டவில்லை என்றால் அடுக்குமாடி நிர்வாகத் தீர்ப்பாயம் இருக்கிறது, அங்கே போவதைப் பற்றி அடுத்த கடிதத்தில் கேளுங்கள், விவரமாக எழுதுகிறேன். இந்த மாதப் பணத்தை முதலில் கட்டிவிடுங்கள். ரசீதை மறக்காமல் படம் எடுத்து வையுங்கள்.